எண் வந்து சேரும் இடம்: உடலில் அணியும் உணரிகளும் தொலைக் கண்காணிப்பும்

இதயச் செயலிழப்புக்காக மருத்துவமனையில் சேர்ந்து, தேறி வீடு திரும்புகிறவர்களில் பலர் ஆறு மாதத்துக்குள் அதே வார்டுக்குத் திரும்பி வந்துவிடுகிறார்கள். இதயத்தால் இரத்தத்தைச் சரிவர வெளித்தள்ள முடியாதபோது உடலில் நீர் சேர்கிறது. கால் வீங்குகிறது, மல்லாந்து படுத்தால் மூச்சு முட்டுகிறது. இந்த நீர் ஒரே இரவில் சேர்வதில்லை. நாட்கணக்கில், சில சமயம் வாரக்கணக்கில் மெல்ல ஏறுகிறது. அப்படியானால் தினமும் வீட்டிலேயே கவனித்து, ஏறத் தொடங்கும்போதே சிறுநீர் பிரிய வைக்கும் மாத்திரையைக் கூட்டிவிட்டால், அவர் ஆம்புலன்ஸில் வர வேண்டிய நிலையே வராதே? தொலைக் கண்காணிப்பின் பின்னால் இருக்கும் நியாயம் இவ்வளவு எளியது. மருத்துவ உலகம் இதைப் பல ஆண்டுகளாகச் சோதித்துவருகிறது. கிடைத்த விடைகள் அவ்வளவு எளியவையாக இல்லை.

அமெரிக்காவில் 1,653 நோயாளிகளிடம் நடந்த டெலி-ஹெச்எஃப் ஆய்வின் முடிவு 2010-இல் வெளியானது. நோயாளிகள் தினமும் ஒரு தானியங்கித் தொலைபேசி எண்ணை அழைத்து, எடையையும் அறிகுறிகளையும் பொத்தான் அழுத்திப் பதிய வேண்டும். ஆறு மாதத்தில், கண்காணிக்கப்பட்டவர்களில் 52.3 விழுக்காட்டினர் மீண்டும் மருத்துவமனையில் சேர்ந்தார்கள் அல்லது இறந்தார்கள். வழக்கமான சிகிச்சையில் இருந்தவர்களிடம் இது 51.5 விழுக்காடு. துளிப் பயனும் இல்லை. கண்காணிப்புக் குழுவில் 14 விழுக்காட்டினர் ஒருமுறைகூட அழைக்கவில்லை. பொத்தான் அழுத்துகிற பழைய முறை என்பதால் தோற்றது என்று நினைக்க இடமிருந்தது. பிறகு கலிஃபோர்னியாவில் ஆறு மருத்துவக் கல்வி நிலையங்கள் சேர்ந்து, தானாகவே தரவை அனுப்பும் எடைக்கருவியும் இரத்த அழுத்தக் கருவியும் கொடுத்து, தொலைபேசியில் பேசச் செவிலியரையும் அமர்த்தி, 1,437 பேரிடம் பீட்-ஹெச்எஃப் ஆய்வை நடத்தின. 2016-இல் வந்த முடிவின்படி, 180 நாளில் மறுபடி மருத்துவமனையில் சேர்ந்தவர்கள் கண்காணிப்புக் குழுவில் 50.8 விழுக்காடு, மற்ற குழுவில் 49.2. கருவி புதிதாகியும் பலன் கிட்டவில்லை.

பெர்லினின் சாரிட்டே மருத்துவமனையும் முதலில் இதே சுவரில்தான் மோதியது. அவர்களுடைய முதல் ஆய்வு, 710 பேரிடம் நடந்தது, 2011-இல் இறப்பு விகிதத்தில் எந்த வேறுபாட்டையும் காட்டவில்லை. அவர்கள் கைவிடவில்லை, யாருக்குப் பயன்படக்கூடும் என்று தரவுகளைத் திரும்பப் புரட்டினார்கள். கடந்த ஓராண்டுக்குள் இதே நோய்க்காக மருத்துவமனையில் இருந்தவர்கள், கடுமையான மனச்சோர்வு இல்லாதவர்கள் என்று வரையறுத்து, 1,571 பேரைச் சேர்த்து இரண்டாம் ஆய்வைத் தொடங்கினார்கள். ஒவ்வொருவர் வீட்டிலும் ஓர் எடைக்கருவி, இரத்த அழுத்தக் கருவி, ஈசிஜி, விரலில் மாட்டும் ஆக்ஸிமீட்டர். அன்றாட அளவீடுகள் டேப்லெட் வழியாக மையத்துக்குப் போகும். அங்கே கணினி அவற்றை அவசரத்துக்கேற்ப வரிசைப்படுத்தும். வரிசையின் தலையில் இருப்பவரைச் செவிலியரோ மருத்துவரோ உடனே பார்ப்பார். மையம் இரவும் பகலும் மருத்துவர்களோடு இயங்கியது. மருந்தளவை மாற்றுவதும், வீட்டு மருத்துவரைக் கூப்பிட்டுப் பேசுவதும், மருத்துவமனையில் சேர்ப்பதும் அவர்கள் வேலையின் பகுதி. அளவீட்டில் எதுவும் பிசகாவிட்டாலும் மாதம் ஒருமுறை நோயாளியோடு பேசினார்கள்.

2018-இல் வெளிவந்த முடிவு இந்தத் துறைக்கே உயிர் கொடுத்தது. எதிர்பாராமல் மருத்துவமனையில் கழித்த நாட்களையும் இறப்பால் இழந்த நாட்களையும் சேர்த்தால், வழக்கமான சிகிச்சையில் ஒருவர் ஆண்டுக்குச் சராசரியாக 24.2 நாள் இழந்தார், கண்காணிக்கப்பட்டவர் 17.8 நாள். ஆண்டுக்கு நூறு பேரில் இறந்தவர்கள் 11.34-இலிருந்து 7.86 ஆகக் குறைந்தார்கள். நகரத்திலும் கிராமத்திலும் பலன் ஒன்றுபோலவே இருந்தது. 2020 டிசம்பரில் ஜெர்மனி இந்தச் சேவையைப் பொதுக் காப்பீட்டுக்குள் கொண்டுவர முடிவெடுத்தது. இன்னொரு செய்தியும் உண்டு, அதிகம் பேசப்படாதது: ஆய்வு முடிந்து கண்காணிப்பை நிறுத்திய பிறகு, அடுத்த ஓராண்டில் இரு குழுவுக்கும் இடையிலான வேறுபாடு மறைந்துவிட்டது.

கலிஃபோர்னியாவுக்கும் பெர்லினுக்கும் கருவிகளில் பெரிய வேறுபாடு இல்லை. கலிஃபோர்னியாவில் எண்ணைப் பார்த்த செவிலியர், நோயாளியிடம் சொல்லி அவருடைய மருத்துவரிடம் அனுப்பினார். மருந்தை மாற்றும் முடிவு வேறொருவர் கையில் இருந்தது. பெர்லினில் எண்ணைப் பார்த்தவர் கையிலேயே முடிவும் இருந்தது. தேர்ந்தெடுத்த நோயாளிகள் வேறு, நாட்டின் மருத்துவ அமைப்பு வேறு, ஆகவே இதுவொன்றே காரணம் என்று அடித்துச் சொல்ல மாட்டேன். ஆனாலும் இந்தத் துறையின் ஆய்வுகளைப் படிக்கப் படிக்க எனக்கு உறுதிப்படுவது இதுதான்: உணரி எவ்வளவு நுட்பமாக அளக்கிறது என்பதைவிட, அந்த எண் யாரிடம் போய்ச் சேர்கிறது, சேர்ந்த பின் அவரால் என்ன செய்ய முடியும் என்பதில்தான் நோயாளியின் கதி இருக்கிறது. இந்தியாவில் உணரிகளைப் பற்றி நடக்கும் பேச்சில் இந்தக் கேள்வி காணவே காணோம் என்பதால்தான் இதை எழுதுகிறேன்.

பெர்லினில் பலன் தந்த கருவிகளில் எதையும் யாரும் நாள் முழுக்க உடலில் அணிந்திருக்கவில்லை. தினம் ஒருமுறை அவற்றில் அளந்து அனுப்பினார்கள், அவ்வளவுதான். அணியும் கருவிகள் இதற்கு மேல் என்ன தருகின்றன? எடை ஏறுவது தாமதமான அறிகுறி. நுரையீரல் தமனியின் அழுத்தம் அதற்கு முன்பே ஏறிவிடும். அந்தத் தமனிக்குள்ளேயே ஓர் உணரியைப் பதித்து 550 பேரிடம் நடத்திய சாம்பியன் ஆய்வு, மருத்துவமனைச் சேர்க்கை ஆறு மாதத்தில் கால்பங்குக்கு மேல் குறைந்ததை 2011-இல் காட்டியது. ஆனால் உடலுக்குள் கருவி பதிப்பது எல்லாருக்கும் கட்டுப்படியாகாது. நெஞ்சில் ஒரு பட்டையை ஒட்டி, இதயத் துடிப்பு, மூச்சு வேகம், நடமாட்டம், தூங்கும் நிலை ஆகியவற்றைச் சேர்த்துப் பார்த்து அதே எச்சரிக்கையைப் பெற முடியுமா என்று லிங்க்-ஹெச்எஃப் ஆய்வு 100 பேரிடம் சோதித்தது. மருத்துவமனையில் சேர்வதற்குச் சுமார் ஆறரை நாள் முன்பே எச்சரிக்கை வந்ததாக 2020-இல் அறிவித்தார்கள். ஆறரை நாள் என்பது மருத்துவத்தில் பெரிய அவகாசம். அந்த அவகாசத்தை யார் எப்படிப் பயன்படுத்துவார் என்பதை அந்த ஆய்வு சோதிக்கவில்லை.

உடலிலிருந்து உணரிகள் பெறும் குறிப்புகளில் முக்கியமானவை இரண்டு: மின்சாரமும் ஒளியும். மின்சாரத்தின் வரலாறு பழையது. அமெரிக்காவின் மொன்டானா மாநிலத்தைச் சேர்ந்த நார்மன் ஹோல்டர் 1940-களில் ஏறக்குறைய 38 கிலோ எடையுள்ள பெட்டியை முதுகில் சுமந்து, நடமாடும் மனிதனின் ஈசிஜியை வானொலி அலையில் அனுப்பிக் காட்டினார். இன்று நம்மூர் மருத்துவமனைகளில் ‘ஹோல்டர் மாட்டியிருக்கிறார்கள்’ என்று சொல்வது அவர் பெயரைத்தான். ஒளி முறை அதைவிட மலிவு. அதனாலேயே கைக்கடிகாரங்களில் அது குடியேறியது. கடிகாரத்தின் அடியில் மினுக்கும் பச்சை விளக்கைப் பலர் கவனித்திருப்பார்கள். இரத்தம் பச்சை ஒளியை நன்றாக உறிஞ்சும். ஒவ்வொரு துடிப்பிலும் தோலடி நுண்குழல்களில் இரத்தம் நிறைந்து வடிய, திரும்பிவரும் ஒளி கூடிக் குறைகிறது. அந்த ஏற்றத்தாழ்வுதான் திரையில் துடிப்பாகத் தெரிகிறது. கையை ஆட்டினாலும் ஒளி கூடிக் குறையும். பட்டை தளர்ந்தாலும், வியர்த்தாலும் அப்படியே. சித்திரை வெயிலில் கம்பு அறுக்கும் கையில் கடிகாரம் காட்டும் துடிப்பை, குளிரூட்டிய அறையில் நாற்காலியில் சாய்ந்திருப்பவரிடம் எடுத்த அளவோடு ஒப்பிட முடியாது.

ஒளியில் வரும் பெரிய சிக்கல் தோலின் நிறம். விரலில் மாட்டும் ஆக்ஸிமீட்டர் சிவப்பு ஒளியையும் அகச்சிவப்பு ஒளியையும் செலுத்தி, இரண்டும் எந்த விகிதத்தில் உறிஞ்சப்படுகின்றன என்று பார்க்கிறது. ஜப்பானின் நிஹோன் கோடன் நிறுவனத்தில் தகுவோ அவோயாகி 1970-களின் தொடக்கத்தில் கண்ட அருமையான கொள்கை அது. ஆனால் அந்த விகிதத்தை ஆக்ஸிஜன் விழுக்காடாக மாற்றும் அட்டவணை கணக்கில் பிறந்ததல்ல. நல்ல உடல்நிலையில் உள்ள தன்னார்வலர்களைக் குறைந்த ஆக்ஸிஜனைச் சுவாசிக்கவைத்து, இரத்தம் எடுத்து ஒப்பிட்டு உருவாக்கியது. அமெரிக்க உணவு மருந்துத் துறையின் 2013-ஆம் ஆண்டு வழிகாட்டுதல், சோதனைக்குப் பத்துப் பேர் போதும், அதில் இருவராவது கருநிறத் தோலினராக இருக்க வேண்டும் என்றது. விளைவு என்ன? கொரோனா உச்சத்தில், 2020 டிசம்பரில், மிச்சிகன் பல்கலைக்கழக ஆய்வாளர்கள் ஒரு கணக்கைக் காட்டினார்கள். ஆக்ஸிமீட்டர் 92 முதல் 96 வரை காட்டிய வேளையில், இரத்தத்தில் உண்மையான அளவு 88-க்குக் கீழே இருந்த நேர்வுகள் வெள்ளையரிடம் 3.6 விழுக்காடு, கருப்பினத்தவரிடம் 11.7 விழுக்காடு. மூச்சுக்குத் தவிக்கும் ஒருவரைப் பார்த்து ‘நன்றாகத்தான் இருக்கிறீர்கள்’ என்று கருவி சொல்லியிருக்கிறது. 2025 ஜனவரியில் அதே துறை வெளியிட்ட வரைவு, 150 பேருக்குக் குறையாமல், பலவகைத் தோல் நிறத்தினரிடமும் சோதிக்க வேண்டும் என்கிறது. நாம் எல்லாரும் 2020-இலும் 2021-இலும் மருந்துக்கடையில் வரிசையில் நின்று வாங்கிய கருவி இது. 94-க்குக் கீழே போனால் மருத்துவமனைக்கு வாருங்கள் என்று சொல்லப்பட்டு, அந்த எண்ணை நம்பி வீட்டில் காத்திருந்தோம். இங்கே விற்கும் ஒவ்வொரு ஆக்ஸிமீட்டரும் நம் தோல் நிறத்தில் எத்தனை பேரிடம் சோதிக்கப்பட்டது, எவ்வளவு பிழை வந்தது என்பதைப் பெட்டியின்மேல் அச்சிட வேண்டும் என்று கேட்பது மிகையான கோரிக்கை இல்லை.

இனி கைக்கடிகாரங்கள். இவற்றைப் பற்றிய மிகப் பெரிய ஆய்வுகளில் ஒன்று ஆப்பிள் நிறுவனத்தின் நிதியில் ஸ்டான்ஃபோர்டு பல்கலைக்கழகம் நடத்தியது. கலந்துகொண்டவர்கள் 4,19,297 பேர். இதய மேலறைகள் சீரற்று நடுங்கும் ஏட்ரியல் ஃபிப்ரிலேஷன் என்ற கோளாறைத் தேடினார்கள். அது இரத்தக் கட்டியை உண்டாக்கிப் பக்கவாதத்துக்கு வழிவகுக்கலாம். துடிப்பு சீரில்லை என்ற அறிவிப்பு பெற்றவர்கள் 0.52 விழுக்காடு மட்டுமே. அவர்களுக்கு அனுப்பிய ஈசிஜி பட்டையை ஒட்டித் திருப்பி அனுப்பியவர்களில் மூன்றில் ஒருவரிடம் அந்தக் கோளாறு பதிவானது. 2019-இல் வந்த இந்த முடிவு, கடிகாரம் தேவையில்லாமல் ஊரையே பயமுறுத்தவில்லை என்று காட்டியது. அது நல்ல செய்தி.

ஆனால் கண்டுபிடித்ததால் யாருக்கேனும் பக்கவாதம் தவிர்ந்ததா? டென்மார்க்கில் 6,004 முதியவர்களிடம் நடந்த லூப் ஆய்வு அந்தக் கேள்வியைக் கேட்டது. தோலுக்கடியில் பதித்த கருவியால் தொடர்ந்து கவனித்தவர்களில் 31.8 விழுக்காட்டினரிடம் கோளாறு கண்டறியப்பட்டது. வழக்கமான முறையில் 12.2. இரத்தம் உறையாமல் தடுக்கும் மாத்திரை எடுத்தவர்களும் இருமடங்குக்கு மேல். பக்கவாதமோ 5.6 விழுக்காட்டிலிருந்து 4.5 ஆனது, தற்செயல் என்று ஒதுக்க முடியாத அளவுக்கு அந்த வேறுபாடு பெரிதில்லை. சில நிமிடம் வந்து மறையும் நடுக்கமும், நாள் முழுக்க நீடிக்கும் நடுக்கமும் ஒரே ஆபத்தல்ல. 2023-இல் இருதயக் கருவிகள் காட்டிய குறுகிய நடுக்கங்களுக்கு மருந்து கொடுத்துப் பார்த்த இரண்டு பெரிய ஆய்வுகளில், ஒன்றில் பக்கவாதம் குறையவில்லை. இன்னொன்றில் குறைந்தது, ஆனால் இரத்தப்போக்கு கூடியது. சென்சார் முன்பு தெரியாத ஒன்றைக் காட்டும்போது, அதற்கு என்ன செய்வது என்ற மருத்துவ அறிவு பின்தங்கிவிடுகிறது.

ஆரோக்கியமான இளைஞர்கள் கடிகாரத்தின் எச்சரிக்கையைப் பார்த்துப் பதறி ஓடிவருவதற்கு ஒரு கணக்கு உண்டு. ஒரு நோய் ஆயிரத்தில் ஒருவருக்குத்தான் இருக்கிறது என்று வைத்துக்கொள்வோம். கருவி நோயுள்ளவரை நூற்றுக்கு 99 முறை பிடிக்கும். நோயில்லாதவரை நூற்றுக்கு 98 முறை சரியாக விட்டுவிடும். கேட்கப் பிரமாதமான கருவி. ஆயிரம் பேரிடம் மாட்டினால், நோயுள்ள அந்த ஒருவருக்கு மணி அடிக்கும். நோயில்லாத 999 பேரில் சுமார் 20 பேருக்கும் அடிக்கும். 21 எச்சரிக்கையில் ஒன்றுதான் மெய். அதே கருவியை, ஐந்தில் ஒருவருக்கு அந்நோய் இருக்கும் வார்டுகளில் ஆயிரம் பேருக்கு மாட்டுங்கள்: 214 எச்சரிக்கையில் 198 மெய்யாகிவிடும். கருவி மாறவில்லை, மாட்டிய இடம் மாறியது. ஊருக்கெல்லாம் கடிகாரம் விற்பதும் நோயாளிக்கு உணரி பொருத்துவதும் வேறுவேறு காரியங்கள் என்பதை இந்தக் கணக்கை வைத்தே சொல்லிவிடலாம்.

அணியும் உணரிகளில் ஐயமில்லாமல் வென்றது ஒன்று உண்டென்றால், அது சர்க்கரையைத் தொடர்ந்து அளக்கும் சென்சார்தான். புஜத்தில் ஒட்டும் ரூபாய் நாணய அளவு வில்லை. அதிலிருந்து முடியைப்போன்ற ஓர் இழை தோலடியில் இறங்கியிருக்கும். இழையில் பூசிய நொதி, திசுநீரில் உள்ள குளுக்கோஸோடு வினைபுரிய, எழும் மிகச்சிறு மின்னோட்டம் அளவாகிறது. 1962-இல் லீலண்ட் கிளார்க் வகுத்த வழி இது. இரண்டு வாரம் வரை ஒட்டியிருக்கும். சில நிமிடத்துக்கு ஒருமுறை கைபேசிக்கு எண் வரும். முதல் வகைச் சர்க்கரை நோயாளிகளிடம் நடந்த இம்பாக்ட் ஆய்வில், சர்க்கரை ஆபத்தாகத் தாழ்ந்திருந்த நேரம் 38 விழுக்காடு குறைந்தது. இன்சுலின் போடும் இரண்டாம் வகையினரிடமும் மூன்று மாதச் சராசரி அளவு இறங்கியது. இதய நோயில் தடுமாறிய தொலைக் கண்காணிப்பு இங்கே ஏன் ஜெயித்தது? எண்ணைப் பார்ப்பவரும் செயல்படுபவரும் ஒரே ஆள். தாழ்ந்தால் இனிப்பு, ஏறினால் இன்சுலின். இடையில் யாருடைய அனுமதிக்கும் காத்திருக்க வேண்டியதில்லை.

சிறு குழந்தையானால் அந்த ஆள் பெற்றோர். பள்ளிக்குப் போன பிள்ளையின் சர்க்கரை எவ்வளவு என்று அலுவலகத்திலிருந்து பார்க்க நிறுவனங்கள் வழிசெய்யாத காலம் அது. 2013-இல் நியூயார்க் மாநிலத்தில் மென்பொறியாளரான ஒரு தந்தை, தன் மகனின் சென்சார் எண்களை இணையத்துக்கு அனுப்பும் நிரலைத் தானே எழுதினார். மற்றப் பெற்றோர்கள் சேர்ந்துகொள்ள, நைட்ஸ்கவுட் என்ற திறந்த நிரலாக அது வளர்ந்தது. தாங்கள் இனிக் காத்திருப்பதற்கில்லை என்பதே அவர்கள் முழக்கம்.

அந்தப் பெற்றோர்களின் இரவு எப்படி இருக்கும் என்று பார்க்க வேண்டும். நள்ளிரவு இரண்டு மணிக்குக் கைபேசி அலறுகிறது: சர்க்கரை 55. தாய் எழுந்து ஓடுகிறாள். பிள்ளை அயர்ந்து தூங்குகிறான், சென்சார் ஒட்டிய புஜத்தின்மேலேயே ஒருக்களித்து. விரலில் குத்திப் பார்த்தால் 110. சென்சார் கெடவில்லை. உடல் பாரம் அழுத்தியதால் அந்த இடத்தில் திசுநீர் ஓட்டம் குறைந்து, இழைக்குக் குளுக்கோஸ் எட்டவில்லை. பிள்ளையைப் புரட்டிப் போட்டால் சற்று நேரத்தில் எண் தானாக ஏறிவிடும். சில சென்சார்களில் அளவு மிஞ்சிய வைட்டமின் சி மாத்திரை சர்க்கரையைக் கூட்டிக் காட்டும். பழைய சிலவற்றில் பாராசிட்டமாலும் அப்படியே. ஒட்டும் பசையில் இருந்த ஐசோபோர்னைல் அக்ரிலேட் என்ற பொருளால் தோல் கொப்பளித்ததை பெல்ஜியம் மருத்துவர்கள் 2017-இல் கண்டுபிடித்தார்கள். இந்தச் சங்கதிகளெல்லாம் விளம்பரத்தில் வராது. இவற்றைச் சொல்லிக்கொடுக்க, சென்சார் மாட்டிவிடும் இடத்தில் அரை மணி நேரம் உட்கார்ந்து பேச ஒருவர் வேண்டும்.

தோலைத் துளைக்காமலே சர்க்கரையைக் காட்டுவதாக விற்கும் கடிகாரங்களையும் மோதிரங்களையும் வாங்காதீர்கள். அப்படிப்பட்ட எதற்கும் அனுமதி தரவில்லை என்று அமெரிக்க உணவு மருந்துத் துறை 2024 பிப்ரவரியில் வெளிப்படையாகவே எச்சரித்தது. கைப்பட்டையில்லாமல் பிபி பார்க்கும் கருவிகளை நோயை உறுதிசெய்யப் பயன்படுத்த வேண்டாம் என்று ஐரோப்பிய இரத்த அழுத்தச் சங்கம் 2022-இல் சொன்னது. இவ்விரண்டும் ஒருநாள் சரியாகலாம். இன்றைய நிலை இது.

தமிழ்நாட்டுக்கு வருவோம். எண் சரியான ஆளிடம் போனால் என்ன ஆகும் என்பதற்கு நம்மிடமே ஒரு சான்று இருக்கிறது. மாரடைப்பு வந்தவருக்குச் சிறிய மருத்துவமனையிலேயே ஈசிஜி எடுத்து, பெரிய மருத்துவமனையின் இதய மருத்துவருக்கு அனுப்பி, அவர் சொல்லும் வழியில் சிகிச்சை தொடங்கி, 108 ஆம்புலன்ஸில் மாற்றும் திட்டம் 2012-க்கும் 2014-க்கும் இடையில் இங்கே சோதிக்கப்பட்டது. 2,420 நோயாளிகள். மருத்துவமனைக்குள் இறந்தவர்களின் விகிதத்தில் மாற்றமில்லை. ஆனால் ஓராண்டுக்குள் இறந்தவர்கள் 17.6 விழுக்காட்டிலிருந்து 14.2 ஆகக் குறைந்தார்கள். ஈசிஜி கருவி புதுமையானதில்லை. யார் பார்ப்பார், பார்த்ததும் எந்த ஊருக்கு எந்த வண்டி போகும் என்பது முன்கூட்டியே தீர்மானிக்கப்பட்டிருந்தது.

2021 ஆகஸ்ட் 5-இல் கிருஷ்ணகிரி மாவட்டம் சாமனப்பள்ளியில் தொடங்கிய ‘மக்களைத் தேடி மருத்துவம்’ வழியாக, பிபி பார்க்கவும் மாத்திரை கொடுக்கவும் ஊழியர் வீட்டு வாசலுக்கே வருகிறார். உலகில் பல நாடுகள் தொலைக் கண்காணிப்புக்குத் தேடிக்கொண்டிருக்கும் அந்த ஆள் நம்மிடம் ஏற்கெனவே சம்பளப் பட்டியலில் இருக்கிறார். அவருடைய ஒரு வருகைக்கும் அடுத்ததற்கும் நடுவே வாரங்கள் கழிகின்றன. இதயச் செயலிழப்பில் நீர் சேர்வது அந்த வாரங்களில்தான்.

ஆகவே முதலில் செய்ய வேண்டிய ஆய்வு எதுவென்று என்னால் சொல்ல முடியும். அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனைகளிலிருந்து இதயச் செயலிழப்பு தேறி வீடு திரும்புகிறவர்களில் பாதிப் பேருக்கு ஓர் எடைக்கருவி, ஒரு பிபி கருவி, தேவைப்பட்டால் நெஞ்சில் ஒரு பட்டை. மாவட்டத்துக்கொரு மையம், இரவுப் பணியிலும் ஆள். எடை இத்தனை கிலோ ஏறினால் மாத்திரையை இவ்வளவு கூட்டலாம் என்று மருத்துவர் கையெழுத்திட்ட நிலையான ஆணை, அதை நிறைவேற்றச் செவிலியருக்கு அதிகாரம். எண் வராமல் நின்றுபோன வீட்டுக்கு மறுநாளே நேரில் போகும் ஊழியர். கைபேசி மகனிடமும் நோயாளி தாயாகவும் இருக்கும் வீடுகளில் எண் யார் பெயரில் போகிறது, அதை வேறு யார் பார்க்கலாம் என்பதற்கு ஒப்புதல் தாள். 2023-இன் தரவுப் பாதுகாப்புச் சட்டம் உடல்நலத் தரவைத் தனிவகையாகப் பிரித்துப் பாதுகாக்கவில்லை என்பதால், அந்தத் தாளை மாநிலமே கவனமாக எழுத வேண்டும். மதிப்பீட்டில் கருவிகளின் விலைக்கு முன்னால், இரவுப் பணிச் செவிலியர்களின் ஊதியம் எழுதப்பட வேண்டும். அதுவும் ஆய்வுக்காலத்துக்கு மட்டும் அல்லாமல் அதற்குப் பிறகும். பெர்லினில் கண்காணிப்பை நிறுத்திய மறுவருடம் என்ன ஆயிற்று என்பது நமக்குத் தெரியும்.